அப்பாவின் பத்திரங்களும் மூன்று கண்டெய்னர்களும்

எங்கள் வீட்டுப் பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. தாத்தா காலத்துக் கிரயப் பத்திரங்கள், தாய்ப் பத்திரங்கள், வில்லங்கச் சான்றுகள், பட்டா நகல்கள், வீட்டு வரி ரசீதுகள் எல்லாம் அதில்தான். 2022 மழையில் பீரோவுக்குப் பின்னால் சுவர் ஊறி, பெட்டியின் அடியில் கிடந்த நாலைந்து தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அப்பா ஒவ்வொன்றாகப் பிரித்து மின்விசிறிக்குக் கீழே பரப்பி வைத்தார். அன்று ராத்திரியே முடிவு செய்தேன்: எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட வேண்டும்.

ஸ்கேன் செய்து ஒரு ஃபோல்டரில் கொட்டிவைப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் 'மேலத்தெரு மனைக்கு 2009-ல் கட்டின வரி ரசீது' என்று கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டுமே. அதற்காகத்தான் பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸைத் தேர்ந்தெடுத்தேன். ஸ்கேன் செய்த தாளை உள்ளே போட்டால் எழுத்தை அடையாளம் கண்டு, தேதியைக் கண்டுபிடித்து, தேடுவதற்கு ஏற்ற மாதிரி அடுக்கி வைக்கும் திறமூல மென்பொருள் அது. அதற்கு ஒரு வம்சாவளியும் உண்டு. டேனியல் க்வின் 'பேப்பர்லெஸ்' என்று தொடங்கினார். அது தேங்கியபோது யோனாஸ் விங்க்லர் 'பேப்பர்லெஸ்-என்ஜி' என்று கிளை பிரித்தார். அதுவும் நின்றபோது, 2022-ல் ஒரு குழு சேர்ந்து இப்போதைய பெயரில் எடுத்து நடத்தத் தொடங்கியது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர்கிறார் என்பதுதான் எனக்குத் தெம்பு கொடுத்தது. அறுபது வருடப் பத்திரங்களை ஒரே ஒருவரின் ஓய்வு நேரத்தை நம்பி ஒப்படைக்க மனசு வராது.

நிறுவல்

கழித்துக் கட்டிய பழைய டெஸ்க்டாப் ஒன்று கிடைத்தது. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. டெபியன் லினக்ஸ் போட்டு, இன்வெர்ட்டர் லைனில் சொருகினேன். பைத்தான், எழுத்துணரி, தரவுத்தளம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுவி, ஒன்றுக்கொன்று பதிப்பு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை. அதனால் டாக்கர் கம்போஸ். டாக்கர் ஒரு மென்பொருளை, அதற்குத் தேவையான எல்லாவற்றோடும் 'இமேஜ்' என்ற ஆயத்தப் பொட்டலமாகத் தரும்; அந்த இமேஜை ஓட்டினால் அது ஒரு கண்டெய்னர். எந்தெந்தக் கண்டெய்னர் எப்படி ஓட வேண்டும் என்று ஒரே ஃபைலில் எழுதிவைத்து எழுப்புவது கம்போஸ்.

மொத்தம் மூன்று கண்டெய்னர்கள். முதலாவது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். எந்தத் தாளுக்கு என்ன தலைப்பு, என்ன குறிச்சொல், அதில் என்ன எழுத்து இருக்கிறது என்பதெல்லாம் இதில் இருக்கும். அடுத்தது ரெடிஸ். புதுத்தாள் வந்திருக்கிறது, இதைப் படி என்று வேலையை வரிசையில் வைப்பது இது. மூன்றாவது பேப்பர்லெஸ், ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பில் எழுதிய வெப் பகுதி. ஸ்கேன் செய்த பிடிஎஃப்கள் தரவுத்தளத்துக்குள் போவதில்லை; தனியாக ஒரு மீடியா ஃபோல்டரில் கிடக்கும். இதை முதலிலேயே புரிந்துகொள்வது நல்லது. தரவுத்தளம் மட்டும் போனால் தாள் இருக்கும், அது எந்தத் தாள் என்று தெரியாது. மீடியா மட்டும் போனால் பட்டியல் இருக்கும், தாள் இருக்காது. இரண்டையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும்.

கண்டெய்னரை அழித்து மறுபடி எழுப்புவது பத்து விநாடி வேலை. கண்டெய்னருக்கு வெளியே தரவு தங்கும் இடமான வால்யூம் அப்படி இல்லை. கம்போஸில் 'டவுன்' கட்டளை கண்டெய்னர்களையும் அவற்றின் நெட்வொர்க்கையும் மட்டும்தான் நீக்கும். அதோடு 'மைனஸ் வி' என்று சேர்த்தால் வால்யூமும் சேர்ந்து போய்விடும். இணையத்தில் பார்க்கிற பல யோசனைகளில், எதுவும் வேலை செய்யாவிட்டால் இதைப் போடுங்கள் என்று சர்வசாதாரணமாக எழுதியிருப்பார்கள். தயவுசெய்து யோசிக்காமல் அடிக்காதீர்கள்.

முதல் நாளே ஒரு சிக்கல். முதலில் போட்ட தரவுத்தள பாஸ்வேர்ட் ரொம்பச் சுலபமாக இருந்ததால், கம்போஸ் ஃபைலில் அதை மாற்றிவிட்டுத் திரும்ப எழுப்பினேன். வெப் பகுதியால் தரவுத்தளத்துக்குள் நுழைய முடியவில்லை. போஸ்ட்கிரெஸ் இமேஜ், டேட்டா ஃபோல்டர் காலியாக இருக்கிற முதல் தடவை மட்டும்தான் அந்த பாஸ்வேர்டை எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு ஃபைலில் என்ன மாற்றினாலும் கண்டுகொள்ளாது. தரவுத்தளத்துக்குள்ளே போய், பயனரின் (ரோல்) விவரங்களை மாற்றும் 'ஆல்டர் ரோல்' கட்டளையால்தான் மாற்ற வேண்டும். இந்தச் சின்ன விஷயம் மூன்று வருடம் கழித்து மறுபடி வந்து நின்றது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலில் எல்லா போர்ட்டையும் மூடிவைத்திருந்தேன். ஆனாலும் வீட்டில் இருந்த வேறொரு லேப்டாப்பிலிருந்து, பேப்பர்லெஸ் இருக்கும் 8000-ஆவது போர்ட் தாராளமாகத் திறந்தது. டாக்கர் தன் போர்ட்களைத் திறக்கும்போது லினக்ஸின் அடிமட்ட வடிகட்டியான ஐபிடேபிள்ஸில் விதிகளை நேரடியாக எழுதிவிடும். யுஎஃப்டபிள்யூவின் தடை அதற்குப் பொருந்தாது. கம்போஸில் போர்ட் எண்ணுக்கு முன்னால், இந்த மெஷினுக்குள் மட்டும் என்று பொருள்படும் 127.0.0.1 என்பதைச் சேர்த்த பிறகுதான் அடைபட்டது. வெளியூரிலிருந்து பார்க்க வயர்கார்ட் என்ற விபிஎன் வழியாக மட்டும் போகிறேன். சொத்துப் பத்திரம் இருக்கிற சர்வரை நேராக இணையத்தில் நிறுத்த எனக்குத் துணிச்சல் இல்லை, அது தேவையும் இல்லை.

தமிழைப் படிக்க வைத்தது

பேப்பர்லெஸ்ஸுக்குள் எழுத்தைப் படிப்பது டெசராக்ட் என்ற எழுத்துணரி. 1980-களில் எச்பி நிறுவனத்தில் பிறந்து, 2005-ல் திறமூலமானது. நான்காவது பதிப்பிலிருந்து நரம்பியல் வலைப்பின்னல் முறைக்கு மாறியது. தமிழுக்குப் பழக்கிய மொழி மாதிரி (மாடல்) உண்டு, ஆனால் இமேஜோடு சேர்ந்து வராது. இதற்கு இரண்டு அமைப்புகளை மாற்ற வேண்டும். ஒன்று, தமிழ் மாதிரியை நிறுவு என்று சொல்வது. இன்னொன்று, படிக்கும்போது தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்துப் பயன்படுத்து என்று சொல்வது. நான் முதலில் இரண்டாவதை மட்டும் மாற்றிவிட்டு, அந்த மொழி நிறுவப்படவில்லை என்ற பிழைச்செய்தியை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. மொழி மாதிரியை கண்டெய்னர் எழும்போதுதான் இணையத்திலிருந்து இறக்கும். கண்டெய்னரை வெறுமனே நிறுத்தி ஓட்டினால் பரவாயில்லை, இறக்கியது உள்ளேயே இருக்கும். அழித்துப் புதிதாக எழுப்பினால் மறுபடி இறக்க வேண்டும். ஒருநாள் இணைய இணைப்பு இல்லாத நேரத்தில் புதுப்பிக்கப் போய் மாட்டிக்கொண்டேன். அதன் பிறகு இரண்டே வரியில் ஒரு டாக்கர்ஃபைல் எழுதினேன். முதல் வரி: பேப்பர்லெஸ் இமேஜை அடிப்படையாக எடு. இரண்டாவது வரி: தமிழ் மாதிரியை நிறுவு. அந்த இமேஜை இங்கேயே கட்டி வைத்துக்கொள்கிறேன்.

அச்சுத் தமிழை நன்றாகவே படிக்கிறது. 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் போதும். தவறுகள் பெரும்பாலும் 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் நடுவில் வருகின்றன. நமக்கே சில அச்சுகளில் குழப்பும் இடம்தானே அது. முத்திரைத்தாளின் பச்சைக் கோலங்களுக்கு மேல் விழுந்த எழுத்தில் கொஞ்சம் தடுமாறுகிறது. கையெழுத்துப் பத்திரங்களைப் படிக்கவே இல்லை. படிக்கும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை, அதற்காகப் பழக்கிய கருவி இல்லை அது.

தேடல்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. மேலே உள்ள முழுத்தேடல் பெட்டியில் 'பட்டா' என்று அடித்தால் சம்பந்தமில்லாத தாள்கள் வந்தன, வர வேண்டியவை வரவில்லை. ஆங்கிலச் சொற்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. துருவிப் பார்த்ததில் காரணம் புரிந்தது. நான் வைத்திருந்த பதிப்பு, முழுத்தேடலுக்கு வூஷ் என்ற பைத்தான் நூலகத்தைப் பயன்படுத்துகிறது. அது ரெகெக்ஸ் என்ற எழுத்துத்தொடர் விதியை வைத்துச் சொல் பிரிக்கிறது. பைத்தானின் ரெகெக்ஸில் 'சொல் எழுத்து' என்ற வகைக்குள் க, ட, ப எல்லாம் வரும், ஆனால் புள்ளியும் துணைக்காலும் கொம்பும் வராது. ஆகவே 'பட்டா' என்பது புள்ளி வந்த இடத்தில் ஒரு தடவையும், கால் வந்த இடத்தில் இன்னொரு தடவையும் உடைகிறது. மெய்யும் உயிரும் சேர்ந்தது நமக்கு ஒரே எழுத்து. அந்த விதிக்கு அது தெரியவில்லை. இது எனக்கு வருத்தமாகவே இருந்தது. உலகம் முழுக்கப் பயன்படுகிற ஒரு கருவியில் நம் எழுத்தின் அடிப்படைக் கட்டமைப்பு விடுபட்டுப்போகிறது.

வழி இல்லாமல் இல்லை. பட்டியல் பக்கத்தில் 'தலைப்பும் உள்ளடக்கமும்' என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. அது வூஷிடம் போகாமல் நேராக போஸ்ட்கிரெஸ்ஸிடம் போய், இந்த எழுத்துத் தொடர் எங்கெல்லாம் இருக்கிறது என்று கேட்கிறது. தமிழ் சரியாகக் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் எல்லாரும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

ஓடிக்கொண்டிருந்த மூன்று வருடம்

பெரும்பாலும் அமைதியாக ஓடியது. இன்வெர்ட்டர் பேட்டரி ஓய்ந்து மெஷின் பட்டென்று அணைந்த நாட்கள் உண்டு. மறுபடி கரண்ட் வந்ததும், மென்பொருள் தன் ஓட்டத்தைக் குறித்துவைக்கும் லாகைப் பார்ப்பேன். தரவுத்தளம் முறையாக நிறுத்தப்படவில்லை, தானாக மீட்பு நடக்கிறது என்று போஸ்ட்கிரெஸ் ஒரு வரி எழுதியிருக்கும். அடுத்த சில வரிகளில் தயார் என்று சொல்லிவிடும். எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் உண்மையான இடத்தில் கை வைக்கும் என்பதால் இது முடிகிறது. மளிகைக் கடையில் சிட்டையில் குறித்துவிட்டுப் பிறகு பேரேட்டில் ஏற்றுவது மாதிரிதான்.

ஒரு தடவை டிஸ்க் நிரம்பியது. டாக்கர் கண்டெய்னர் லாகுக்கு இயல்பாக எந்த வரம்பும் கிடையாது. 10 எம்பி, மூன்று ஃபைல் என்று வரம்பு வைத்தேன். பழைய இமேஜ்களையும் மாதம் ஒருமுறை கழிக்கிறேன். வேறொன்றும் இல்லை.

தரவுத்தளத்தை மாற்றிய இரவு

நிறுவியபோது கம்போஸ் ஃபைலில் இருந்தது போஸ்ட்கிரெஸ் 13. அது 2020-ல் வெளியானது. ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து வருட ஆதரவு, ஆகவே 2025 நவம்பரோடு முடியவிருந்தது. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தேன்.

ஃபைலில் 13 என்பதை 17 என்று மாற்றி எழுப்பினேன். தரவுத்தளக் கண்டெய்னர் எழுந்து விழுந்து எழுந்து விழுந்தது. டேட்டா ஃபோல்டர் 13-ஆம் பதிப்பால் உருவாக்கப்பட்டது, இந்தப் பதிப்புக்கு ஒத்துவராது என்று லாகில் தெளிவாக இருந்தது. வெப் பகுதியைப் புதுப்பிக்கும்போது எண்ணை மாற்றினால் போதும், தரவுத்தள மாற்றங்களை அதுவே பார்த்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் அப்படி இல்லை. பெரிய பதிப்பு மாறினால் டிஸ்க்கில் எழுதும் வடிவமே மாறலாம். நல்லவேளையாக அது பழைய ஃபோல்டரில் கை வைக்காமல் மறுத்துவிடுகிறது. எண்ணை 13 என்று திருப்பி வைத்ததும் எல்லாம் பழையபடி ஓடியது.

சரி, முறைப்படி செய்வோம் என்று வெப் கண்டெய்னரை நிறுத்தினேன். தரவுத்தளத்தை மட்டும் ஓடவிட்டு 'பிஜி டம்ப் ஆல்' என்ற கட்டளை கொண்டு முழுவதையும் ஒரு எஸ்க்யூஎல் ஃபைலாக (டம்ப்) எடுத்தேன். கம்போஸில் 17-ஐப் போட்டு, அதற்குப் புதுப்பெயரில் ஒரு வால்யூம் கொடுத்தேன். பழைய வால்யூமைத் தொடவே இல்லை. 18 அப்போதுதான் வந்திருந்தது. அந்த இமேஜில் வால்யூமை மாட்டும் பாதையையே மாற்றியிருந்தார்கள். ஒரே இரவில் இரண்டு மாற்றம் வேண்டாம் என்று 17-லேயே நின்றேன். டம்பை உள்ளே ஏற்றினேன். இந்த ரோல் ஏற்கெனவே இருக்கிறது, இந்தத் தரவுத்தளம் ஏற்கெனவே இருக்கிறது என்று இரண்டு பிழை வந்தது. இமேஜ் முன்கூட்டியே உருவாக்கி வைத்தவை என்பதால் அது எதிர்பார்த்ததுதான். மீதி எல்லாம் ஓடியது.

வெப் பகுதியை எழுப்பினேன். பாஸ்வேர்ட் தவறு.

கம்போஸ் ஃபைலில் இரண்டு இடத்திலும் அதே பாஸ்வேர்ட். எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். தரவுத்தளக் கண்டெய்னருக்குள் போய் 'பிஎஸ்க்யூஎல்' என்ற கட்டளைக் கருவியைத் திறந்தால் பிரச்சினையே இல்லாமல் உள்ளே விடுகிறது. அட்டவணைகள் இருக்கின்றன, ஆவண எண்ணிக்கையும் சரியாக இருக்கிறது. தரவுத்தளம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஹெல்த் செக் பச்சை காட்டுகிறது. ஆனால் வெப்பிலிருந்து போனால் மட்டும் கதவு திறக்கவில்லை. மணி பன்னிரண்டரை தாண்டியிருந்தது.

அந்த நேரத்தில் அக்காவிடமிருந்து வாட்ஸ்அப். "தம்பி, முழிச்சிருக்கியா? கடனுக்கு வக்கீல் மேலத்தெரு மனையோட தாய்ப் பத்திரம் நகல் கேக்குறார். காலைல எட்டு மணிக்குள்ள அனுப்பிடுடா."

"அனுப்புறேன்க்கா" என்று போட்டுவிட்டேன். தரவுத்தளம் வராவிட்டாலும் பிடிஎஃப் மீடியா ஃபோல்டரில் இருக்கிறதே என்று திறந்தால், 0000001, 0000002 என்று எண்களாக வரிசை கட்டி நிற்கின்றன. எது எந்தப் பத்திரம் என்பது தரவுத்தளத்துக்குள் இருக்கிறது. ஃபைல் பெயரை ஆண்டு, வகை, தலைப்பு என்று மனிதர் படிக்கிற மாதிரி வைக்க பேப்பர்லெஸ்ஸில் ஒரு அமைப்பு உண்டு. மூன்று வருடமாக நான் அதைப் போடவில்லை.

மறுபடி லாகுக்கு வந்தேன். வெப் பகுதியின் லாகை விட்டுவிட்டு தரவுத்தளத்தின் லாகைப் படித்தபோதுதான் அந்தக் கூடுதல் வரி கண்ணில் பட்டது: இந்தப் பயனருக்குச் செல்லுபடியாகும் ஸ்க்ரம் ரகசியம் இல்லை. அங்கே எல்லாம் விளங்கியது. போஸ்ட்கிரெஸ் 13 வரை பாஸ்வேர்டை இயல்பாக எம்டி5 முறையில் சுருக்கி வைக்கும். 14-லிருந்து இயல்பு, இன்னும் பாதுகாப்பான ஸ்க்ரம்-ஷா-256 முறை. புது இமேஜ், வெளியிலிருந்து வருகிற எல்லா இணைப்பையும் ஸ்க்ரம் முறையில்தான் சோதிக்கும். நான் எடுத்த டம்பில் தரவு மட்டும் இல்லை, பயனரின் பழைய எம்டி5 பாஸ்வேர்டும் இருந்தது. புதுக் கண்டெய்னர் சரியாக உருவாக்கி வைத்திருந்த ஸ்க்ரம் பாஸ்வேர்டின் மேல், நானே பழையதை ஏற்றி அழித்திருக்கிறேன். கண்டெய்னருக்குள்ளிருந்து போகிற இணைப்புக்கு பாஸ்வேர்டே கேட்காது என்பதால்தான் உள்ளே எல்லாம் சரியாகத் தெரிந்தது.

தீர்வு ஒரே வரி. உள்ளே போய் 'ஆல்டர் ரோல்' கொடுத்து அதே பாஸ்வேர்டை மறுபடி எழுதினேன். இந்தத் தடவை அது ஸ்க்ரமாகப் பதிவானது. வெப் பக்கம் திறந்தது. அக்காவுக்குத் தாய்ப் பத்திரத்தை அனுப்பியபோது மணி ஒன்று நாற்பது.

அடுத்த தடவை 'டம்ப் ஆல்' எடுக்கப்போவதில்லை. அந்த ஒரு தரவுத்தளத்தை மட்டும் 'பிஜி டம்ப்' கொண்டு எடுத்தால் பயனர், பாஸ்வேர்ட் எதுவும் கூட வராது. ஒரே ஒரு செயலிக்கான கண்டெய்னரில் அதுவே போதும்.

பேக்கப்

அந்த இரவுக்குப் பிறகு பேக்கப் முறையையும் மாற்றினேன். அதுவரை ராத்திரியில் வால்யூம் ஃபோல்டரை அப்படியே நகல் எடுக்க ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருந்தேன். ஓடிக்கொண்டிருக்கிற தரவுத்தளத்தின் ஃபைல்களை அப்படி நகல் எடுப்பது பாதுகாப்பானது இல்லை. ஒரு ஃபைல் பழைய நிலையிலும் இன்னொன்று புது நிலையிலும் வந்து சேரலாம். இத்தனை நாள் அதை ஒருமுறைகூட மீட்டுப் பார்த்ததில்லை.

இப்போது இரண்டு விதமாக எடுக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு 'பிஜி டம்ப்'. அதன் பின்னால் பேப்பர்லெஸ்ஸின் சொந்த ஏற்றுமதிக் கட்டளை. அது ஒவ்வொரு தாளையும், அதன் தலைப்பு, குறிச்சொல் எல்லாவற்றையும் ஜேசன் என்ற உரை வடிவப் பட்டியலோடு வெளியே கொட்டும். இதன் நன்மை, போஸ்ட்கிரெஸ் பதிப்பு எதுவாக இருந்தாலும் கவலை இல்லை. ஆனால் பேப்பர்லெஸ் பதிப்பு ஏற்றுமதி செய்ததும் இறக்குவதும் ஒன்றாக இருக்க வேண்டும். அதனால் பதிப்பு எண்ணை ஒரு சின்ன ஃபைலில் எழுதி அதே ஃபோல்டரில் வைக்கிறேன். கம்போஸ் ஃபைலிலும் 'லேட்டஸ்ட்' என்று போடாமல் எண்ணைக் குறிப்பிட்டே வைத்திருக்கிறேன். எல்லாம் சேர்த்து ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி வழியாக, பூட்டிய (என்க்ரிப்ட் செய்த) நிலையில், ஒரு நகல் வீட்டு வெளி டிஸ்க்குக்கும் இன்னொன்று அக்கா வீட்டில் இருக்கும் டிஸ்க்குக்கும் போகிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் லேப்டாப்பில் வேறு பெயரில், வேறு போர்ட்டில் மூன்று கண்டெய்னர்களையும் காலியாக எழுப்பி, அக்கா வீட்டு நகலிலிருந்து மீட்கிறேன். ஆவண எண்ணிக்கை சரியா என்று பார்ப்பேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஐந்து தாளைத் திறப்பேன். ஜனவரியில் செய்தபோது காபி போட்டுக் குடித்து முடிக்கிற நேரத்தில் முடிந்தது. ஃபைல் பெயர் அமைப்பையும் மாற்றி, மறுபெயரிடும் கட்டளையை ஓட்டிவிட்டேன். இப்போது மீடியா ஃபோல்டரை வெறும் கண்ணால் பார்த்தாலே எது கிரயம், எது வரி ரசீது என்று தெரிகிறது.

கையெழுத்துப் பத்திரங்கள் மட்டும் மீதி. அந்தக் கூட்டெழுத்தை அம்மாவால்தான் படிக்க முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா வாசிக்க, நான் சர்வே எண், நான்கெல்லை, எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர் பெயர்களைத் தட்டச்சு செய்து தாளின் குறிப்பில் சேர்க்கிறேன். பெட்டியில் இன்னும் பதினேழு பத்திரங்கள் இருக்கின்றன.